மின்வில் உலோகத் தெளிப்பு: ஒரு வரலாறு

மின்வில் உலோகத் தெளிப்பு என்பது, இரண்டு உலோகக் கம்பிகளுக்கு இடையே மின்வில்லை உண்டாக்கி, அதில் உருகும் உலோகத்தை அழுத்தக் காற்றால் நுண்துளிகளாகச் சிதறடித்து, வேறொரு பொருளின் மேற்பரப்பில் பூச்சாகப் படியவைக்கும் முறையாகும். வெப்பத் தெளிப்பு எனப்படும் தொழில்நுட்பக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. பட்டறைகளில் இதையும் இதன் உறவு முறைகளையும் பொதுவாக ‘மெட்டலைசிங்’ என்பார்கள். பாலங்களைத் துருவிலிருந்து காப்பது, தேய்ந்த எந்திரத் தண்டுகளை மீண்டும் அளவுக்குக் கொண்டுவருவது, கொதிகலன் குழாய்களுக்குக் கவசமிடுவது, மின்தேக்கிகளில் மின்தொடர்பு ஏற்படுத்துவது எனப் பல இடங்களில் இம்முறை பயன்படுகிறது.

இதன் அடிப்படைக் கருத்து 1910களிலேயே உருவாகிவிட்டது. ஆனால் தொழிற்சாலைகளில் பரவலானது 1960களில்தான். நடுவில் கழிந்த அரை நூற்றாண்டில் மின்சாரம், அரிமானம் ஆகிய இரண்டைப் பற்றியும் பொறியாளர்கள் கற்றுக்கொண்டவை பல. அவை கைகூடிய பிறகே இக்கருவி தனக்குரிய இடத்தை அடைந்தது.

தோற்றம்

உலோகத் தெளிப்பின் தந்தை என்று கருதப்படுபவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மாக்ஸ் உல்ரிச் ஷோப் (1870–1956). சூரிக் நகரில் பணியாற்றிய கண்டுபிடிப்பாளர் அவர். பிள்ளைகள் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட ஈயக் குண்டுகள் சுவரில் மோதித் தட்டையாகி ஒட்டிக்கொண்டதைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எவ்வாறாயினும், அதில் உள்ள இயற்பியல் சரியானது. வேகமாக வந்து மோதும் உலோகத் துளி, பரப்பின் மேடுபள்ளங்களைக் கவ்விக்கொண்டு உறைந்துவிடும்.

ஷோப்பின் தொடக்க முயற்சிகளில் உலோகம் தனியாக ஒரு கலனில் உருக்கப்பட்டு, சூடான வாயுவின் ஓட்டத்தில் செலுத்தப்பட்டது. அந்தக் கருவி பெரியதாகவும் கையாள அரியதாகவும் இருந்தது. ஏறக்குறைய 1912இல் அவர் ஒரு எளிய வழியைக் கண்டார். உலோகத்தைக் கம்பியாகவே துப்பாக்கிக்குள் செலுத்தி, அதன் நுனியை மட்டும் வாயுச் சுடரால் உருக்கி, காற்றால் ஊதித் தள்ளினார். உலை தேவைப்படவில்லை, கருவியைக் கையிலேயே பிடிக்க முடிந்தது. வேலைக்கு உரிய பொருளைக் கருவியிடம் கொண்டுவருவதற்குப் பதிலாக, கருவியைப் பொருளிடம் கொண்டுசெல்லும் நிலை வந்தது. பாலங்களுக்கும் தொட்டிகளுக்கும் பின்னாளில் இம்முறை பயன்பட்டதற்கு இதுவே அடிப்படை.

அதே பத்தாண்டுக்குள் ஷோப் அடுத்த படிக்கும் சென்றார். ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பிகள். சுடருக்குப் பதில் அவற்றுக்கிடையே மின்வில். இன்றைய மின்வில் தெளிப்புத் துப்பாக்கியின் அமைப்பு இதிலிருந்து பெரிதும் மாறவில்லை.

செயல்படும் விதம்

துப்பாக்கிக்குள் இரண்டு கம்பிகள் ஒரு கோணத்தில் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. ஒன்று நேர்மின்வாய், மற்றது எதிர்மின்வாய். பெரும்பாலும் 1.6 முதல் 3.2 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள கம்பிகள் பயன்படும். இவற்றுக்கு 18 முதல் 40 வோல்ட் வரையிலான நேர்மின்னோட்டம் தரப்படும். நுனிகள் நெருங்கியதும் வில் பற்றிக்கொள்கிறது. அங்கே வெப்பநிலை 4000 டிகிரி செல்சியசைத் தாண்டும். ஆக்சிஜன்–அசெட்டிலீன் சுடரின் வெப்பநிலை ஏறத்தாழ 3100 டிகிரிதான். கம்பிகளுக்குப் பின்னாலிருந்து பீறிட்டு வரும் அழுத்தக் காற்று, உருகிய நுனியைச் சிதறடித்து முன்னே தள்ளுகிறது.

துளிகளின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். விநாடிக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் வேகத்தில் பரப்பை மோதி, நொடிப்பொழுதில் தட்டையாகி உறைந்துபோகும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அப்பளங்களைப் போன்ற அடுக்கமைப்பு உருவாகும். அடுக்குகளுக்கு இடையே நுண்துளைகளும், பறக்கும்போது காற்றில் ஏற்பட்ட ஆக்சைடுகளும் சிக்கியிருக்கும். எனவே தெளிக்கப்பட்ட துத்தநாகமும் வார்க்கப்பட்ட துத்தநாகமும் ஒரே தனிமமாயினும் பண்பில் வேறுபட்டவை.

இம்முறையின் பெருஞ்சிறப்பு, உருகிய உலோகம் படிந்தாலும் அடியிலுள்ள பொருள் அதிகம் சூடாவதில்லை என்பது. ஒவ்வொரு துளியும் மிகச் சிறியது. அது கொண்டுவரும் வெப்பமும் சிறியது. அதனால் மெல்லிய தகடு வளைவதில்லை. கான்கிரீட், மரம் போன்றவற்றின் மீதுகூடத் துத்தநாகத்தைப் படியவைக்கலாம். இரும்புப் பொருளை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் கால்வனைசிங் முறையில் தொட்டியின் வெப்பம் சுமார் 450 டிகிரி. அத்துடன், தொட்டியில் அடங்கும் பொருளை மட்டுமே முக்க முடியும். ஆற்றின் மேல் நிற்கும் பாலத்தை எந்தத் தொட்டியிலும் முக்க முடியாது.

அரை நூற்றாண்டுத் தாமதம்

இத்தனை வசதிகள் இருந்தும் முதலில் பரவியது மின்வில் முறை அன்று, சுடர் முறைதான். இங்கிலாந்தின் டட்லியில் 1922இல் தொடங்கிய மெட்டலைசேஷன் நிறுவனம் போன்றவை அதை வணிகமாக வளர்த்தன. மின்வில் துப்பாக்கி பின்தங்கியதற்கு முதன்மைக் காரணம் துப்பாக்கியில் இல்லை. அதற்கு மின்சாரம் தரும் கருவியில் இருந்தது.

கம்பி சீரான வேகத்தில் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது, வில்லின் நீளமும் சீராக இருந்தாக வேண்டும். கம்பிகள் சற்று விலகினால் வில் நீண்டு அணைந்துபோகும். சற்று நெருங்கினால் ஒட்டிக்கொண்டு பெருந்துண்டுகளாகத் துப்பும். அக்கால வெல்டிங் மின்னாக்கிகள் கைக்கோல் வெல்டிங்கிற்காக அமைந்தவை. வில்லின் நீளம் மாறினாலும் மின்னோட்டத்தைப் பெரிதும் மாறாமல் வைத்திருப்பதே அவற்றின் இயல்பு. வெல்டரின் கை சற்று நடுங்கினாலும் வேலை கெடாமல் இருக்க இந்த இயல்பு உதவியது. தாமாக நகரும் இரு கம்பிகளுக்கோ இதுவே பகையானது.

தீர்வு வேறொரு துறையிலிருந்து வந்தது. 1940களின் இறுதியில், தொடர்ந்து நகரும் கம்பியையும் வாயுக் காப்பையும் கொண்ட வெல்டிங் முறை அமெரிக்காவில் உருவானது. இன்று பட்டறைகளில் ‘மிக் வெல்டிங்’ என்று சொல்லப்படுவது இதுவே. இதற்காக மாறா மின்னழுத்த மின்னாக்கிகள் உருவாக்கப்பட்டன. இவற்றில் வில் சற்றுக் குறுகினால் மின்னோட்டம் சட்டென்று உயரும். கம்பி விரைவாக உருகும். இடைவெளி பழைய நிலைக்குத் திரும்பும். வில் நீண்டால் மின்னோட்டம் குறையும், உருகுவது தளரும், கம்பி முன்னேறி இடைவெளியை நிரப்பும். மனிதக் கையின் உதவியின்றி வில் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. இத்தகைய மின்னாக்கிகள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பின், 1960களில் மின்வில் தெளிப்பு தொழிலுக்கு உகந்ததாயிற்று.

அதன் பின் கணக்கு மாறியது. 100 ஆம்பியர் மின்னோட்டத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கிலோ துத்தநாகத்தையோ, 4 முதல் 5 கிலோ எஃகையோ தெளிக்கலாம். மின்னோட்டத்தை உயர்த்தினால் அளவும் உயரும். ஆக்சிஜன் உருளைகளும் எரிவாயு உருளைகளும் வேண்டியதில்லை. மின்சாரமும் கம்ப்ரசரும் போதும். சூடான துளிகள் பரப்பை இன்னும் உறுதியாகப் பற்றுவதால், பிணைப்பும் சுடர் முறையைவிட வலுவானது.

அழிந்து காக்கும் உலோகம்

வேகமாகத் தெளிக்க முடிந்தது சரி. நுண்துளைகள் நிறைந்த இந்தப் பூச்சு எஃகை எப்படிக் காக்கும்? வண்ணப்பூச்சில் ஒரு சிறு ஓட்டை விழுந்தாலும் அதன் வழியே துரு பரவுகிறதே என்ற ஐயம் நியாயமானது. விடை 1824ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் உள்ளது.

அந்த ஆண்டு ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, போர்க்கப்பல்களின் அடிப்பகுதியில் பதித்த செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடினார். செம்பைவிட எளிதில் வினைபுரியும் துத்தநாகத்தையோ இரும்பையோ சிறு துண்டாகச் செம்போடு இணைத்தால், அந்தத் துண்டு கரைய, செம்பு கரையாமல் நிற்கிறது என்பதை ராயல் கழகத்தில் விளக்கினார். அறிவியல் வென்றது, கப்பல்களுக்குத்தான் பலன் கிட்டவில்லை. செம்பு கரைந்தபோது வெளிப்பட்ட நஞ்சுதான் கடலுயிரிகள் ஒட்டுவதைத் தடுத்துவந்தது. கரைவது நின்றதும் சிப்பிகளும் பாசியும் படர்ந்து கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை அத்துண்டுகளைக் கழற்றிவிட்டது.

ஆனால் எஃகுக்கு இந்தக் கொள்கை அப்படியே பொருந்தும். துத்தநாகத்தின் நியம மின்வாய் அழுத்தம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்பினுடையது மைனஸ் 0.44 வோல்ட். இரண்டும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், முதலில் கரைவது துத்தநாகமே. எனவே பூச்சில் துளையோ கீறலோ இருந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தன்னைக் கொடுத்து எஃகைக் காக்கும். கரைந்து வரும் துத்தநாகச் சேர்மங்கள் நாளடைவில் நுண்துளைகளையும் அடைத்துவிடுகின்றன. அலுமினியம் தன் மேல் உறுதியான ஆக்சைடுப் படலத்தை அமைத்துக்கொள்வதால் மிக மெதுவாகவே கரையும். இரண்டின் குணமும் வேண்டும் இடங்களில் 85 விழுக்காடு துத்தநாகமும் 15 விழுக்காடு அலுமினியமும் கலந்த கம்பி பயன்படுகிறது.

இதைக் காலத்தால் சோதித்தது அமெரிக்க வெல்டிங் கழகம். 1953இல் தொடங்கி, அலுமினியமும் துத்தநாகமும் தெளித்த எஃகுத் தகடுகளைக் கடல்நீரிலும் கடற்கரைக் காற்றிலும் தொழிற்சாலைப் பகுதிக் காற்றிலும் 19 ஆண்டுகள் வைத்துப் பார்த்தது. 1974இல் வெளியான அறிக்கையின்படி, 0.08 முதல் 0.15 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியப் பூச்சு அத்தனை ஆண்டுகளும் எஃகை முழுமையாகக் காத்தது. மேலடைப்பு இல்லாத துத்தநாகம் கடல்நீரில் அதே அளவு காக்க, குறைந்தது 0.3 மில்லிமீட்டர் கனம் தேவைப்பட்டது. அந்தத் தகடுகள் சுடர் முறையில் பூசப்பட்டவை. எனினும் காப்பது துப்பாக்கி அல்ல, உலோகம் என்பதால், மின்வில் முறையைத் தேர்ந்த பொறியாளர்களுக்கும் இந்த அறிக்கையே சான்றாயிற்று.

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் முகத்துவாரத்தில் 1890இல் கட்டிய ரயில் பாலத்திற்கு வண்ணம் பூசுவது முடிவில்லாத வேலைக்கு உவமையாகவே ஆங்கிலத்தில் வழங்குகிறது. அதன் அருகிலேயே 1964இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் எஃகுப் பாகங்களில் துத்தநாகம் தெளித்து, அதன்மேல் வண்ணம் பூசினார்கள். துருவை எதிர்கொள்வதில் பொறியாளர்களின் எண்ணம் மாறியதை இந்த இரண்டு பாலங்களும் காட்டுகின்றன.

ஓரிகன் கடற்கரைப் பாலங்கள்

மின்வில் தெளிப்பின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒரு திருப்பம் எஃகின் மீது நிகழவில்லை, கான்கிரீட்டின் மீது நிகழ்ந்தது. இடம், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓரிகன் மாநிலம்.

கோண்டே மெக்கல்லோ என்ற பொறியாளர் 1930களில் அங்கே கடற்கரை நெடுஞ்சாலையில் அழகிய வளைவுப் பாலங்கள் பலவற்றைக் கட்டினார். 1932இன் கேப் கிரீக் பாலம், 1936இன் யக்கீனா விரிகுடாப் பாலம், அல்சி விரிகுடாப் பாலம் ஆகியவை அவற்றுள் சில. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பிகளைத் துருவாமல் காக்கும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் கடற்காற்றின் உப்பு பத்தாண்டுகளாக மெல்ல ஊடுருவிக் கம்பியை எட்டியதும் அந்தக் காப்பு உடைகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். அல்சி விரிகுடாப் பாலத்தை இந்தத் துரு தின்றுவிட்டது. 1991இல் புதிய பாலம் திறக்கப்பட, பழையது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கட்டி 55 ஆண்டுகளே ஆகியிருந்தன.

மீதமுள்ள பாலங்களைக் காக்க மாநிலப் போக்குவரத்துத் துறை முடிவுசெய்தது. இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. கலிபோர்னியாவில் 1983இல் ரிச்மண்ட்–சான் ரஃபேல் பாலத்தின் கான்கிரீட் தூணில் துத்தநாகத்தைத் தெளித்து, அதையே நேர்மின்வாயாக வைத்துச் சோதித்திருந்தார்கள். ஓரிகனில் 1990களின் தொடக்கத்தில் கேப் கிரீக் பாலத்திலும், பின்னர் யக்கீனா விரிகுடாப் பாலம் முதலியவற்றிலும், மின்வில் துப்பாக்கியால் ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர் கனத்திற்குத் துத்தநாகம் தெளிக்கப்பட்டது. துத்தநாகப் படலம் மின்னாக்கியின் நேர்முனையோடும், கான்கிரீட்டினுள் உள்ள கம்பிகள் எதிர்முனையோடும் இணைக்கப்பட்டன. சதுர மீட்டருக்குச் சில மில்லி ஆம்பியர் மின்னோட்டமே போதும். கம்பி எதிர்மின்வாயாக மாறித் துருவிலிருந்து தப்பிக்கிறது.

இந்த வேலைக்கு மின்வில் முறை மிகவும் பொருத்தமாக அமைந்தது. மெக்கல்லோவின் பாலங்களில் வளைவுகளும் தூண்களும் அலங்கார விளிம்புகளும் நிறைய. அவற்றின் மேல் கம்பிவலை பதித்து இன்னொரு கான்கிரீட் அடுக்கைப் போர்த்தியிருந்தால் பாலம் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் அதன் வடிவம் மறைந்து, எடையும் கூடியிருக்கும். அரை மில்லிமீட்டர்த் துத்தநாகம் எல்லா வளைவையும் தழுவி, பார்வைக்குச் சாம்பல் நிறக் கான்கிரீட்டைப் போலவே நின்றது.

இதே பத்தாண்டுகளில் ஃபுளோரிடாவின் தெற்குத் தீவுகளை இணைக்கும் பாலங்களிலும் துத்தநாகம் தெளிக்கப்பட்டது. அங்கே வெப்பமும் ஈரமும் மிகுதி என்பதால், வெளியிலிருந்து மின்சாரம் தராமலே துத்தநாகம் தானாகக் கரைந்து கம்பியைக் காக்கும்படி விட்டார்கள்.

பாம்பன் கடலில்

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றோடு தொடர்பு உண்டு. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உப்புக் காற்றோடு போராடியது. துருவால் நலிந்த அதில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இந்தக் கடற்பகுதியின் அரிக்கும் தன்மையைக் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் உள்ள தன் நிலையத்தில் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. கடலோர எஃகுப் பாலங்களின் உத்தரங்களுக்கு உலோகத் தெளிப்பு செய்வது இந்திய ரயில்வேக்குப் பழக்கமான நடைமுறைதான்.

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் எஃகில் முதலில் துத்தநாகம் தெளிக்கப்பட்டு, அதன்மேல் எபாக்சி அடைப்புப் பூச்சும், அதற்கும் மேல் பாலிசிலாக்சேன் வண்ணமும் பூசப்பட்டன. இந்தக் காப்பு பராமரிப்பு இன்றி 38 ஆண்டுகளும், சிறு பராமரிப்போடு 58 ஆண்டுகளும் நிற்கும் என்று ரயில்வே தரப்பு அறிவித்துள்ளது.

பிற பயன்பாடுகள்

துரு தவிர்த்த பயன்களும் பல. தேய்ந்த தண்டின் மீது குரோமியம் கலந்த எஃகைத் தெளித்து, கடைசல் எந்திரத்தில் அளவுக்குக் கடைந்தெடுத்தால் புதிய தண்டு வாங்கும் செலவு மிச்சம். அனல்மின் நிலையக் கொதிகலன்களில் சாம்பலும் கந்தக வாயுவும் குழாய்களை அரிப்பதால், நிக்கல்–குரோமியக் கலவை தெளிக்கப்படுகிறது. கம்பியாக இழுக்க முடியாத கடினப் பொருள்களைத் தூளாக்கி உலோக உறைக்குள் அடைத்த உள்ளீட்டுக் கம்பிகள் வந்தபின், தெளிக்கக்கூடிய பொருள்களின் பட்டியல் இன்னும் நீண்டது.

நம் வீட்டுக்குள்ளும் இதன் வேலை இருக்கிறது. மின்விசிறியின் மின்தேக்கிக்குள் உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் சுருட்டி வைக்கப்பட்டுள்ளது. முடிபோல் மெல்லிய அதன் ஓரங்களில் பற்றவைக்க முடியாது. எனவே சுருளின் இரு முனைகளிலும் துத்தநாகம் முதலிய உலோகத்தைத் தெளித்து, அதன்மேல் கம்பியை இணைக்கிறார்கள். மின்தேக்கித் தொழிலில் இந்தப் படிக்கு இன்றும் ஷோப்பின் பெயரே வழங்குகிறது.

வரம்புகளும் ஆபத்துகளும்

பூச்சு பரப்பைப் பற்றுவது பெரும்பாலும் இயந்திரப் பிடிப்பால்தான். ஆகவே தெளிப்பதற்கு முன் துருவையும் எண்ணெயையும் நீக்கி, கூர்மையான துகள்களை வீசிப் பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். இதைப் பட்டறைகளில் ‘கிரிட் பிளாஸ்டிங்’ என்பார்கள். சுத்தம் செய்த பரப்பை ஈரக் காற்றில் சில மணி நேரம் விட்டாலே மீண்டும் துரு படியும். அதன்மேல் தெளித்தால் பூச்சு உரிந்துவிடும். இக்காரணத்தால், துத்தநாக, அலுமினியத் தெளிப்புக்கான ஐ.எஸ்.ஓ. 2063 தரநிலை பூச்சின் கனத்தோடு பரப்பின் ஆயத்தத்தையும் வலியுறுத்துகிறது.

துப்பாக்கி நேர்கோட்டில் மட்டுமே தெளிக்கும். ஆழ்ந்த இடுக்குகளும் குறுகிய குழாய்களின் உட்புறமும் எட்டாது. அடர்த்தியான கடினப் பூச்சு தேவைப்படும் விமான எஞ்சின் பாகங்களுக்கு, 1950களிலிருந்து வளர்ந்த பிளாஸ்மாத் தெளிப்பும், 1980களில் வந்த அதிவேகச் சுடர்த் தெளிப்பும் ஏற்றவை. கான்கிரீட்டின் மீதுள்ள துத்தநாகமும் நிலையானதன்று. மின்னோட்டம் பாயப் பாய, இடையில் வினைப்பொருள்கள் திரண்டு பிணைப்பு தளரும். ஒருநாள் மீண்டும் தெளித்தாக வேண்டும்.

தொழிலாளர் நலனும் முக்கியமானது. துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் தரும் ‘உலோகப் புகைக் காய்ச்சல்’ வரும். மின்வில்லின் புறஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் தாக்கும். இரைச்சல் காதைக் கெடுக்கும். காற்றில் மிதக்கும் நுண்ணிய அலுமினியத் தூள் வெடிக்கக்கூடியது. காற்று செலுத்தும் முகமூடி, காதடைப்பான், தூசு உறிஞ்சும் ஏற்பாடு ஆகியவை இல்லாமல் இவ்வேலையைச் செய்யக்கூடாது.

வரலாற்றில் இடம்

ஷோப்பின் துப்பாக்கி, மாறா மின்னழுத்த மின்னாக்கிக்காக அரை நூற்றாண்டு காத்திருந்தது. டேவியின் துத்தநாகத் துண்டு, தனக்கேற்ற பொருளையும் தன்னைப் படியவைக்கும் கருவியையும் அடைய அதைவிட நெடுங்காலம் காத்திருந்தது. இவை ஒன்றுசேர்ந்தபோது, இடிந்துபோகவிருந்த பாலங்களை நின்ற இடத்திலேயே காக்க முடிந்தது.

தெளித்த நாளன்று பார்த்தால் இது வண்ணப்பூச்சைவிடச் செலவு மிக்க முறை. இருபது, முப்பது ஆண்டுகளில் எத்தனை முறை சாரம் கட்டி, போக்குவரத்தை நிறுத்தி, சுரண்டி, மறுபடி பூச வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டால்தான் இதன் மதிப்பு விளங்கும். அல்சி விரிகுடாப் பாலம் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டில் அதே பொறியாளர் கட்டிய யக்கீனா விரிகுடாப் பாலம் இன்றும் வண்டிகளைத் தாங்கி நிற்கிறது. உரிய காலத்தில் படியவைத்த அரை மில்லிமீட்டர்த் துத்தநாகம் தான் கரைந்துகொண்டே அதைக் காத்துவருகிறது.